அளவு நோட்டில் ஒரு பழைய பக்கம்: எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் ஒரு தையல்காரரின் மூன்று ஆண்டுகள்

2023 மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தருமபுரியில் இருக்கும் என் மனநல ஆலோசனை அறைக்கு வந்தார். வயது 41. வீட்டுத் திண்ணையில் இரண்டு மெஷின் போட்டு ரவிக்கையும் சுடிதாரும் தைப்பவர். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை, அதன் மேல் இழுத்துப் போர்த்திய முந்தானை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் முன் அதன் கைப்பிடியைப் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்த்தார், தாங்குமா என்று பார்க்கிறவர்போல. அன்று அவர் எடை 68 கிலோ.

பதினைந்து மாதங்களுக்கு முன் 112 கிலோ இருந்தவர்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன், இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். நேரில் கூப்பிடுவதுபோலவே இங்கேயும் அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

அறுவைக்கு முன்

அக்காவின் உயரம் 156 செ.மீ. 112 கிலோவில், எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு 46. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய், கடைசி இரண்டு வருடம் இன்சுலின். இரவில் தூக்கத்தில் மூச்சு தடைபட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். முழங்கால் வலியால் மெஷின் மிதிக்க முடியாமல் மோட்டார் மாட்டியிருந்தார். 2022 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பைக் குறைப்பு அறுவை செய்துகொண்டார். இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை வாழைக்காய்போல ஒரு குழாயாக்கும் முறை அது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் சாப்பிடும் அளவோடு பசியும் குறைந்துவிடுகிறது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள், மூன்று நாளில் வீடு.

பலன் நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாதம் இன்சுலின் நின்றது. ஆறாம் மாதம் மூச்சுத் தடையும் போனது. மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழையபடி மிதித்துத் தைக்க ஆரம்பித்தார். இந்த அறுவை அவர் ஆயுளைக் கூட்டியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் அறுவையே தப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த காரணம்

தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தார். இரண்டாவது சந்திப்பில்தான் மற்றது வெளியே வந்தது. பத்து மாதமாகக் கணவரின் பக்கத்தில் படுப்பதில்லை. விளக்கு போட்டுக் குளிப்பதில்லை. தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்க் காவிரியில் முங்கி வருகிறவர், போன ஆடியில் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். "ஈரப் புடவை ஒட்டிக்கிட்டா உள்ள இருக்கறதெல்லாம் தெரிஞ்சிடும் மேடம்" என்றார்.

உள்ளே இருந்தது தோல். அடிவயிற்றில் இரண்டு மடிப்பாகத் தொடை வரை தொங்கியது. மேல்கை இரண்டிலும் தொங்கியது. தொடையின் உள்பக்கம், மார்பு, தாடைக்குக் கீழே, எல்லா இடத்திலும் இருந்தது. "புழு தோலை உரிச்சுப் போட்டுட்டுப் போயிடுது. நமக்கு அந்த வழி இல்லையே" என்றார். அவருடைய அம்மா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தவர்கள். கூடு கட்டுவதற்குள் புழு நாலு முறை தோல் உரிப்பதைச் சின்ன வயதில் தட்டுத் தட்டாகப் பார்த்திருக்கிறார்.

பல வருடம் இழுபட்ட தோலில், அதை இறுக்கிப் பிடிக்கும் புரதங்களான கொலாஜனும் எலாஸ்டினும் சேதமாகிவிடுகின்றன. உள்ளே இருக்கும் கொழுப்பு ஒரே வருடத்தில் கரைந்தாலும் மேலே இருக்கும் தோல் அதே வேகத்தில் சுருங்காது. அதிகம் குறைந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் முழுதாகச் சுருங்கவே சுருங்காது. உடற்பயிற்சி தசையைத் தேற்றும், தோலை வெட்டாது. எந்தக் களிம்பும் அதைச் செய்யாது. அக்கா மூன்று களிம்புக்குச் செலவழித்திருந்தார்.

இதை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லையா என்று கேட்டேன். கஞ்சி எப்போது, இட்லி எப்போது என்று நான்கு பக்கம் உணவுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். தோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "செவுத்துல படம் ஒட்டியிருந்தாங்க, முன்னாடி, பின்னாடின்னு. எல்லாரும் துணி போட்டிருந்தாங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணிக்குள் இருப்பதையும் அறுவைக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

ஊர்க் கண்

வேறு ஊர்களில் எடை குறைந்தவரைப் பாராட்டுவார்களோ என்னவோ. எங்கள் பக்கத்தில் பூசினாற்போல இருப்பதுதான் வாழ்ந்த அடையாளம். திடீரென்று இளைத்தால் சர்க்கரை முற்றிவிட்டது, இல்லையென்றால் டிபி, அதுவும் இல்லையென்றால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. முகத்தில் கொழுப்பு வடிந்ததால் அக்கா 68 கிலோவில் பத்து வயது கூடித் தெரிந்தார். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது பலருக்கும் வரும், பிறகு தானே முளைக்கும். ஆனால் ஊருக்கு அது தெரியாதே. துணி கொடுக்க வருகிறவர்கள் "என்ன கண்ணு, மொகமே வாடிப்போச்சு" என்று ஆரம்பிப்பார்கள். ரெண்டு பேர் ரவிக்கைத் துணியை வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள், ஏதோ ஒட்டுவாரொட்டி என்று பயந்து.

அறுவை செய்துகொண்டது கணவருக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாரிடம் கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். அந்த ரகசியத்தைக் காப்பதே தனி வேலையாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் வைத்ததில் முக்கால்வாசி மீதியாகும். நம்மிடம் இலையில் மிச்சம் வைப்பது சோற்றைப் பழித்த மாதிரி. அதனால் பந்தியைத் தவிர்த்தார், பந்தியைத் தவிர்க்க விசேஷத்தையே தவிர்த்தார்.

முதலில் ரத்தம்

மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு 14 வந்தது, நடுத்தர அளவு. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன். எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் வரும் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுவது தெரிந்த விஷயம். அதனால் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்கக் கூடாது. "சாகணும்னு இல்ல. காலைல எந்திரிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்" என்றார். மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். இரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐ அவர் போனில் நானே சேமித்துக் கொடுத்தேன்.

அதோடு ரத்தப் பரிசோதனையும். இதைச் செய்யாமல் பேசிக்கொண்டே இருப்பது எங்கள் துறையில் நடக்கிற பெரிய தவறு. எட்டாம் மாதமே அக்கா சத்து மாத்திரைகளை நிறுத்தியிருந்தார். சர்க்கரை சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்ற எண்ணம். ஹீமோகுளோபின் 9.2. பி12 அடிமட்டம். இந்த அறுவைக்குப் பின் அமிலமும், பி12ஐ உடம்பு ஈர்க்கத் தேவையான புரதமும் குறைந்துவிடும். அதனால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுளுக்கும் எடுக்க வேண்டும். அவருடைய சோர்வு, எரிச்சல், கால் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒரு பங்கு மனசு இல்லை, ரத்தம். பி12 ஊசியும் இரும்புச் சத்தும் ஆரம்பித்து ஆறு வாரத்தில் கேள்வித்தாள் மதிப்பெண் 14இலிருந்து 10க்கு இறங்கியது. அப்போது எங்கள் பேச்சு இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு வேளைக்கு அரை டம்ளர் அளவுதான் உள்ளே போகும் என்கிற நிலையில் அது லேசான காரியம் இல்லை. களி அவருக்கு உயிர், ஆனால் களி நிரம்பினால் முட்டைக்கு இடம் இருக்காது. முதலில் முட்டை, கொள்ளு, மோர், கடைசியில் நெல்லிக்காயளவு களி என்று வரிசையை மாற்றிக்கொண்டார்.

நான் செய்த தவறு

மூன்றாவது சந்திப்பிலேயே கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஆடையில்லாமல், குறை சொல்லாமல். பாடத்தில் இருக்கும் முறைதான், பலருக்கு உதவியும் இருக்கிறது. அக்காவுக்கு அது சீக்கிரம். முதல் நாளே வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த இரண்டு சந்திப்புக்கு வரவில்லை. போன் செய்தபோது "மேடம், நீங்க சொன்னதை நான் செய்யல, அதான் வரக் கூச்சமா இருந்தது" என்றார். தவறு என் பக்கம் என்று சொன்னேன். தொட்டுப் பழகாத ஒன்றைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

மறுபடி வந்தபோது வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தனக்குப் புதிதாக ஒரு ரவிக்கை வெட்டினேன், சரியாக வரவில்லை என்றார். எந்த அளவுக்கு வெட்டினீர்கள் என்று கேட்டேன். சட்டென்று சொன்னார்: மார்பு 46, கை சுற்றளவு 17. யோசிக்காமல் சொன்னார், ஏனென்றால் அளவு நோட்டில் தன் பக்கத்தில் இருந்தது அதுதான். நூற்றுக்கணக்கான பெண்களின் அளவை அரை இஞ்ச் பிசகாமல் எடுப்பவர், தன் உடம்பை மட்டும் ஞாபகத்திலிருந்து வெட்டியிருக்கிறார்.

இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை. உடம்பைப் பற்றி மனசு வைத்திருக்கும் படம் தராசு முள்ளோடு இறங்குவதில்லை, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பின்தங்கும். டவுன் பஸ்ஸில் இன்னும் மூவர் சீட்டைத் தேடுவார். இரண்டு ஆள் தாராளமாகப் போகும் சந்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைவார். என் அறை நாற்காலியை அசைத்துப் பார்த்ததும் அதுதான்.

"ஒரு கஸ்டமர் வந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க அக்கா. பேரு எழுத வேண்டாம், அளவு மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றேன். துணி போட்டுக்கொண்டே, கண்ணாடி இல்லாமல், இஞ்ச் டேப் மட்டும்.

பத்து நாள் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். புதுப் பக்கம். மார்பு 37. இடுப்பு 35, பக்கத்தில் 'தோலோடு' என்று ஒரு சொல். கை சுற்றளவு தொங்குவதைச் சேர்த்து 14, ஒதுக்கிப் பிடித்தால் 10½. இரண்டு எண்ணையும் எழுதியிருந்தார். "பதினாலுன்னு வெட்டினா தொளதொளன்னு நிக்கும். பத்தரைன்னா பிதுங்கும். பன்னண்டு வச்சு முழங்கை வரைக்கும் இறக்கணும்" என்றார். அவர் தன் உடம்பைப் பற்றிப் பேசியதில் அழுகை கலக்காத முதல் பேச்சு இது. ஒரு தையல்காரர் ஒரு சிக்கலான உடம்பைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் கண்ணாடியை விட்டுவிட்டுக் கைகளோடு போனேன்.

மடிப்புக்குள்

தோல் மடிப்பில் வியர்வை தேங்கி, சிவந்து, புண்ணாகி, நாற்றம் வந்திருந்தது. சர்க்கரை இருந்த உடம்பு, எங்கள் ஊர்க் கோடை, இரண்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். அதை அவர் அசிங்கம் என்றே நினைத்தார், நோய் என்று நினைக்கவில்லை. வாசனைப் பவுடரை அப்பி அப்பி மறைத்ததில் பவுடர் ஈரத்தோடு கட்டிப்போய்ப் புண்ணை இன்னும் கிளறியது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்த்தார். பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் களிம்பு, பவுடர் கூடாது, மடிப்பைத் தூக்கிக் கழுவி ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும், இவ்வளவுதான் மருத்துவம். கணவரின் பழைய பருத்தி வேட்டியை நாலு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, மடிப்புக்குள் வைத்துக்கொள்ளும் யோசனை அக்காவுடையது. நனைந்ததும் மாற்றிவிடுவார், ஒரு நாளைக்கு நான்கு. மூன்று வாரத்தில் புண் ஆறியது.

தினம் இரண்டு வேளை அந்தத் தோலைக் கையால் தூக்கி, கழுவி, துடைத்து, மருந்து போட்டார். அப்படிச் செய்யச் செய்ய அது அவருக்குப் பராமரிக்க வேண்டிய ஓர் உறுப்பாகிவிட்டது. பிடித்துப்போனது என்று சொல்ல மாட்டேன். உடம்பை ஏற்றுக்கொள்வது என்றால் அதை ரசிப்பது என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு வயதில் தொங்கும் வயிற்றை ரசிக்கச் சொல்வது ஒரு பெண்ணின் மேல் இன்னொரு சுமையை வைப்பது. புண்பட்ட கன்றுக்கு மருந்து போடுகிறவர் முதலில் அதன் அழகைப் பார்ப்பதில்லை. கை வைக்கிறார். அக்காவுக்கும் கை வைப்பதுதான் வழியாக இருந்தது.

வீட்டுக்குள்

கணவர் டாடா ஏஸ் வைத்துப் பாலக்கோட்டிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் தக்காளி ஏற்றுகிறவர். ஜூலையில் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு நேராக வந்தார். அக்கா நினைத்துக்கொண்டிருந்தது, அவருக்குத் தன்னைப் பார்த்தால் அருவருப்பு என்று. அவர் சொன்னது வேறு. "வயித்துக்குள்ள தையல் போட்டிருக்காங்க, கை பட்டா பிரிஞ்சிடுமோன்னு பயம் மேடம். அதோட, இளைச்சதும் எங்கிட்ட பேச்சே இல்ல. நம்மள இனி வேண்டாம்னு இருக்காளோன்னு..." மேலே பேசவில்லை. உள்தையல் ஆறு வாரத்துக்குள்ளேயே ஆறியிருக்கும் என்பதை இந்த ஒன்றரை வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க அவருக்கும் வாய் வரவில்லை.

மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்று மட்டும் நான்கு சந்திப்புகள் பேசினோம். சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அக்காவே ஒரு நாள் சொல்லிவிட்டார். கிழவிக்கு வந்த கோபம் அறுவையைப் பற்றியது இல்லை. "எங்கிட்ட சொல்லாம போயி வயித்த கிழிச்சிக்கிட்டு வந்தியா? நான் உனக்குப் புத்துன்னு நெனச்சிக்கிட்டு கெடந்தேனே!" மருமகளுக்குப் புற்றுநோய் என்று தனக்குள் முடிவு கட்டி, யாரிடமும் வாய் திறக்காமல், தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் பூசணி விளக்கு போட்டு வந்திருக்கிறார் அந்த அம்மா. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ரகசியம். அன்று இரவு இருவரும் அழுதார்களாம். மறுநாளிலிருந்து பந்திகளில் அக்காவுக்குப் பக்கத்தில் மாமியார்தான். "அவளுக்குக் கொஞ்சமா வை, சர்க்கரை உடம்பு" என்று பரிமாறுகிறவரிடம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

நீளத் தழும்பு

2023 செப்டம்பரோடு எடை ஆறு மாதம் ஒரே நிலையில் நின்றிருந்தது. தோலை எடுக்கும் அறுவையை நினைக்க இதுதான் சரியான நேரம். முதல் அறுவை முடிந்து ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகி, எடை அசையாமல் நிற்க வேண்டும். சத்துக் குறைவு சரியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் தையல் ஆறாது. வயிறு மட்டும் போதும், கை வேண்டாம் என்று அக்காவே முடிவு செய்தார்.

காப்பீடு இங்கே கைவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, மருத்துவர் பரிந்துரையோடு உடல் நிறைக் குறியீடு 40ஓ அதற்கு மேலோ இருந்தால், அல்லது கடுமையான துணை நோய்களோடு 35ஓ அதற்கு மேலோ இருந்தால், எடைக் குறைப்பு அறுவையை விலக்க முடியாமல் இருந்தது. அக்காவின் முதல் அறுவைக்குப் பணம் வந்தது. அதன் விளைவான தோலை எடுப்பதோ அழகு அறுவை என்று நிராகரிக்கப்பட்டது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால் விலக்கு பொருந்தாது என்று அதே வழிகாட்டுதல் சொன்னது. புண் வந்த காலத்துச் சீட்டுகளையும் தோல் மருத்துவர் கடிதத்தையும் வைத்து மேல்முறையீடு செய்தோம். கிடைக்கவில்லை. நகை அடகுக்குப் போனது. மடிப்புப் புண் வந்த நாளிலிருந்தே படம் எடுத்து, ஒவ்வொரு சீட்டையும் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் வாதம் வலுத்திருக்கும். இதே நிலையில் இருப்பவர்கள் இன்றே ஆரம்பியுங்கள்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: தழும்பு எங்கே வரும் என்று உடம்பின் மேலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முந்தைய அறுவையில் தோலைப் பற்றிக் கேட்காமல் விட்டது இங்கேயும் நடக்கக் கூடாது. அக்கா ஒரு படி மேலே போனார். பேப்பரில் வயிற்றின் வடிவம் வெட்டி, மார்க்கிங் சாக்கால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு சேலம் போனார். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒன்று, நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று. இரண்டு பக்கமும் தோல் மிகுந்திருந்ததால் குறுக்குக் கோடு மட்டும் போதாது என்று மருத்துவர் விளக்கினார். "பாவாடை நாடா எங்க கட்டுவேனோ அதுக்குக் கீழ வரணும்" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நாடா ஒரே இடத்தில் இறுக்கி உரசி இடுப்பில் புண்ணும் கருமையும் வருவதை நம் பெண்களிடம் நிறையப் பார்க்கிறோம். புதுத் தழும்பின் மேல் அது விழுந்தால் என்ன ஆகும்?

டிசம்பரில் அறுவை. மூன்று கிலோவுக்கும் மேல் தோல். கோடுகள் சேரும் முனையில் தையல் பிரிந்து ஐந்து வாரம் கட்டுப்போட வேண்டிவந்தது. உள்ளே நீர் கோத்ததால் இருமுறை ஊசியால் எடுத்தார்கள். எடை குறைந்தவர்களுக்குச் செய்யும் தோல் அறுவைகளில் இவை இரண்டும் அடிக்கடி நடப்பவை என்று முன்பே தெரிந்திருந்ததால் அக்கா பதறவில்லை. ஆறு வாரம் இறுக்கு உடை. தை மாதம் என்பதால் வியர்வையும் படுத்தவில்லை.

ஆனால் கட்டுப் பிரித்த அன்று போன் வந்தது. "கண்ணு, இது என்னுது இல்ல." மேடம் போய் கண்ணு வந்தது அன்றுதான். வயிறு தட்டையாக இருந்தது. நடுவில் சிவந்த கோடு. தொப்புளைச் சுற்றி வெட்டி, தோலை இழுத்த பிறகு புது இடத்தில் திறந்து தைத்திருந்தார்கள். தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்ச்சியே இல்லை. "யாரோ வயித்தைத் தொடற மாதிரி இருக்குது."

வேண்டாத தோல் போன பிறகும் இப்படி ஒரு துக்கம் வருவது பல குடும்பங்களுக்குப் புரிவதில்லை. இவ்வளவு செலவழித்தும் இன்னுமா என்பார்கள். அறுவையில் தோலின் நுண்ணரம்புகளும் வெட்டுப்படும், உணர்ச்சி மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சில இடங்களில் திரும்பாது. நாங்கள் பழைய வழிக்கே போனோம், கைக்கு. புண் முழுதும் மூடியபின் தினம் இருமுறை, பத்து நிமிடம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை விரலால் வட்டமாக அழுத்தித் தேய்ப்பது. மரத்த இடத்தில் பட்டு, பருத்தி, சணல் என்று துணித்துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. திண்ணையில் துண்டுத் துணிக்கா பஞ்சம்? மே மாதம் "காட்டனும் பாலியஸ்டரும் வேற வேறன்னு தெரியுது" என்றார்.

தழும்பு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ மாறிக்கொண்டே இருக்கும். முதல் மாதங்களில் தடித்துச் சிவந்து அரிக்கும்போது பார்த்துவிட்டு இதுதான் முடிவு என்று உடைந்துபோகக் கூடாது. தழும்பின் மேல் சிலிகான் ஒட்டைப் பகலிலும் இரவிலும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தார். வியர்வையில் நழுவியபோது நாடாப் பாவாடையை விட்டுவிட்டு, மூன்று இஞ்ச் அகலப் பட்டை வைத்துத் தானே ஒரு பாவாடை தைத்தார். ஒட்டும் நழுவவில்லை, தழும்பும் உரசவில்லை. அந்தப் பாவாடை இப்போது சிசேரியன் ஆன பெண்கள் கேட்டு வாங்கும் ஒன்றாகிவிட்டது. இடது முனை மட்டும் புடைத்துக்கொண்டே போனது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இப்படித் தடிப்பது அதிகம். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மூன்று தவணை போட்டு அமுங்கியது, அந்த இடம் சற்று வெளுத்திருக்கிறது.

கணவரிடம் தழும்பைக் காட்டியதைப் பற்றி அக்கா நிறையச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தையல் நேரா இருக்குன்னு சொன்னாரு" என்று மட்டும் சொன்னார்.

2025 ஜூன் நிலை

எடை 72. மூன்றாவது வருடத்தில் நான்கு கிலோ கூடுவது சாதாரணம், ஆனால் அக்காவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது, அதற்கே இரண்டு சந்திப்புகள் ஆயின. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை மட்டும். ஹீமோகுளோபின் 11.8. கேள்வித்தாளில் 4. கணவரின் பக்கத்தில் படுக்கிறார். விளக்கைப் போட்டுக் குளிக்கிறார், கண்ணாடி பார்ப்பது இன்னும் அபூர்வம்தான். போன ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனார். முங்கவில்லை. மாமியார் முங்கி எழுந்துவரும் வரை படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாராம்.

கைகள் அப்படியேதான் இருக்கின்றன. பிடிக்கவில்லை என்று இன்றும் சொல்கிறார். அறுவை வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறார். அக்குளிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு வாங்கிக்கொண்டு அதையும் மறைக்க முழுக்கை போடுவதற்கு, இருக்கிற கைக்கே முழங்கை வரை போட்டுக்கொள்கிறேன் என்கிறார். போன வாரம் மஞ்சள் பருத்தியில் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தார். அளவு நோட்டில் அவர் பக்கத்தை மறுபடி திருத்தியிருக்கிறார்: கை சுற்றளவு 12½.

அடுத்த ரத்தப் பரிசோதனை டிசம்பரில். பி12 ஊசி மாதம் ஒரு முறை தொடர்கிறது.